சங்கிலிக்குக் குளிருது

ஒண்டிக்குடி எங்கே இருக்கிறது என்று கேட்டால் சிவகங்கைப் பக்கத்தில் யாரும் கையை நீட்டித் திசை காட்ட மாட்டார்கள்; சிரிப்பார்கள். சிரிப்புச் சத்தம் அதிகமாகிற பக்கமாகவே நடந்தால் ஊர் வந்துவிடும். ஆட்கள் கெட்டவர்கள் இல்லை. சொன்ன சொல்லை மீற மாட்டார்கள், அவ்வளவுதான். "கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடலாம்" என்று வங்கிக்காரர் சொன்னாரென்று, கண்ணை மூடிக்கொண்டு போட்டு, கையெழுத்து மேசைமேல் விழுந்த ஊர் அது.

அந்த ஊரில் அறிவாளி என்று பெயர் எடுத்தவள் அகிலாண்டம். எதை எடுத்தாலும் கவலைப்படுவாள். கவலைப்படுகிறவள் யோசிக்கிறவளாகத்தானே இருக்க வேண்டும் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. வெளியூர் கிளம்பினால், பூட்டிய வீட்டைத் திறந்து, உள்ளே போய், சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். அத்தனை ஜாக்கிரதை.

அவளுடைய ஒரே மகள் தேன்மொழி. மாப்பிள்ளை குணாளனுக்கு இமாச்சலத்தில், மேகத்துக்கும் மேலே ஒரு மலையில், சுரங்கப்பாதை வெட்டுகிற கம்பெனியில் இன்ஜினியர் வேலை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. தேன்மொழிக்கு இப்போது ஏழாம் மாசம். பனிக்காலத்தில் மலை இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் இறங்க முடியாவிட்டால் வளையல்தான் ஏற வேண்டும்.

நாள் பார்த்தார்கள். புதன்கிழமை, பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் தொடங்குவதற்குள். அதை விட்டால் அந்த மாசத்தில் வேறு நாள் இல்லை. அடுத்தது எட்டாம் மாசம். எட்டில் வளையல் போடக் கூடாது. தேன்மொழி போனிலேயே அழுதாள். "அம்மா, முதல் வளையல் உன் கையாலதான் போடணும். நீ நேரத்துக்கு வரலேன்னா எனக்கு வளைகாப்பே வேண்டாம்."

அன்றிலிருந்து அகிலாண்டத்துக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் மாட்டை யார் பார்ப்பது என்று வீட்டிலேயே நின்றுகொண்டார். தாய்மாமன் முறை செய்ய அவளுடைய உடன்பிறந்தவர்கள் மூன்று பேரும் கிளம்பினார்கள். அதுதான் அவளுடைய பெரிய கவலை.

மூத்தவர் திருமேனி. எதையும் விட்டுவிடாதவர். நடுவில் ராக்கப்பன். ஊரில் டிராக்டர் ஓட்டுகிறவர், குலதெய்வம் சங்கிலிக் கருப்பு இறங்குவதும் அவர் மேல்தான். கடைக்குட்டி பூவலிங்கம், அகிலாண்டத்துக்கும் இளையவன். யோசனை சொல்கிறவன். அவன் யோசனை சொன்னால் மற்ற இருவரும் வாயைப் பிளந்து கேட்பார்கள். அகிலாண்டம் வயிற்றில் கையை வைத்துக்கொள்வாள்.

புதன்கிழமை விடிந்தபோது நால்வரும் மலையடிவார ஊரில் இருந்தார்கள். குணாளனின் கார் அங்கே அவன் நண்பர் வீட்டில் நின்றது. அழைத்து வர வேண்டிய டிரைவருக்குக் காய்ச்சல். "டிராக்டரே ஓட்டுறேன், இது எனக்குத் தம்பி மாதிரி" என்று ராக்கப்பன் ஏறி உட்கார்ந்தார். பின்னால் சீர் தட்டு, பலகாரம், புளிக்காய்ச்சல், எலுமிச்சை சாதத்துக்கென்று ஒரு பை எலுமிச்சம்பழம். அகிலாண்டத்தின் மடியில் கண்ணாடி வளையல் பெட்டி. மாசமாக இருக்கிற கை கொஞ்சம் பூசியிருக்கும் என்று பெரிய அளவாகப் பார்த்து வாங்கியது. ஒன்று விரிசல் விட்டாலும் அபசகுனம் என்று குழந்தையைப் போலப் பிடித்திருந்தாள்.

கொஞ்ச தூரத்தில் போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார். சக்கரத்தைக் காட்டினார், சங்கிலியைக் காட்டினார், மலையைக் காட்டினார், கடைசியில் பள்ளத்தையும் காட்டினார். புரிந்தது. பக்கத்திலேயே ஒரு கடையில் டயருக்கு மாட்டுகிற இரும்புச் சங்கிலிகள் வாடகைக்குத் தொங்கின. எடுத்துக்கொண்டு மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்கள்.

"மாமா, நல்லாக் கேட்டுக்குங்க," என்றான் குணாளன். "நம்ம வண்டி நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி. அதை நம்பிச் சங்கிலி போடாம ஏறிறாதீங்க. இழுக்கிறதுக்கு அது உதவும், வழுக்கும்போது பிடிக்கிறதுக்கு உதவாது. அதனால நாலுக்கும் சங்கிலி போடணும், ஒண்ணையும் விட்டுறக் கூடாது. பனி கிடக்கிற இடத்துல சங்கிலியோட வாங்க, தார் தெரிஞ்சாக் கழட்டிருங்க. இல்லேன்னா டயரும் போச்சு, ரோடும் போச்சு. மாட்டிக் கொஞ்ச தூரம் உருட்டினதும் இறுக்கிக்குங்க. மாட்டுவண்டி வேகம்தான். ஏத்தத்துல ஏறும்போது மட்டும் எதுக்காகவும் வண்டியை நிறுத்தாதீங்க, நின்னா மறுபடி கிளம்பாது. மேல சிக்னல் இருக்காது. நான் வாசல்லயே நிக்கிறேன்."

போனை வைத்ததும் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நிறையச் சொல்லிட்டார்டா," என்றார் திருமேனி. "ஒரு மண்டை தாங்காது. ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சுக்குவோம். நாலுக்கும் போடணும், ஒண்ணையும் விடக் கூடாதுங்கிறது என்னோடது. பூவலிங்கம், தார் தெரிஞ்சாக் கழட்டணுங்கிறது உன்னோடது. ராக்கப்பா, மாட்டுவண்டியும் ஏத்தமும் நிறுத்தாததும் உன்னோடது. ஒருத்தரோடதுல ஒருத்தர் வாய் வைக்கக் கூடாது."

"எனக்கு?" என்றாள் அகிலாண்டம்.

"நீ வழக்கம்போலக் கவலைப்படு ஆத்தா. அதை உன்னைவிட யாரு பார்ப்பா?"

இதிலிருந்து வேலை தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் சங்கிலியைத் தரையில் பரப்பிய உடனே ராக்கப்பன் செருப்பைக் கழற்றிவிட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். மற்ற இருவரும் திடுக்கிட்டுச் செருப்பை உதறினார்கள். குலதெய்வமே சங்கிலிக் கருப்பாக இருக்கும்போது சங்கிலி முன்னால் செருப்புக் காலோடு நிற்பதா? அகிலாண்டமும் ஒரு கையில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கம்பளிக் காலுறையை உருவினாள். கடைக்காரர் உள்ளேயிருந்து ஓடி வந்து அவர்கள் பாதங்களைப் பார்த்து ஏதோ கத்தினார்.

"கும்பிடச் சொல்றார்," என்றான் பூவலிங்கம். நால்வரும் கும்பிட்டார்கள்.

பிறகு புது வண்டிக்குச் செய்வது போலச் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். அகிலாண்டம் பையை எட்டிப் பார்த்தாள். எலுமிச்சை சாதத்துக்கு இன்னும் தாராளமாக இருந்தது.

"போடலாம்," என்றார் திருமேனி. உடனே, "நில்லுங்க," என்றார். வண்டியின் முதுகில் மாற்றுச் சக்கரம் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. "இது அஞ்சாவது. ஒண்ணையும் விடக் கூடாதுன்னாரே."

"நாலுன்னும் சொன்னாரே அண்ணே," என்றார் ராக்கப்பன்.

"இழுக்கிற சக்கரத்துக்குத்தான் சங்கிலி," என்றான் பூவலிங்கம். "இவன் முதுகுல உட்கார்ந்து சும்மா வர்றவன். இவனுக்கு எதுக்கு?"

"அப்படிப் பார்த்தா முன்சக்கரம் ரெண்டும்தான் இழுக்குது. பின்சக்கரம் தள்ளுதுடா. தள்ளுறதை இழுக்கிறதுன்னு எப்படிச் சொல்றது?" என்றார் திருமேனி.

பெரிய கேள்வி. வண்டியைச் சுற்றி இரண்டு முறை நடந்தார்கள். பின்சக்கரம் இழுக்க வேண்டுமானால் வண்டி பின்னோக்கிப் போக வேண்டும், அப்போது முன்சக்கரம் தள்ளும் என்ற இடத்தில் விவாதம் முட்டிக்கொண்டு நின்றது.

"அண்ணே, நேரம் போகுது!" என்று அகிலாண்டம் அழுகிற குரலில் சொன்னாள். "எல்லாம் உருளுதா இல்லையா? உருளுறதுக்குப் போடுங்க."

"பார்த்தியா, இதுக்குத்தான் அறிவு வேணுங்கிறது," என்று திருமேனி தம்பிகளிடம் சொன்னார். நாலுக்கும் சங்கிலி ஏறியது. அஞ்சாவதின் மனசு நோகாதிருக்க அதற்குத் தன் துண்டைக் கட்டினார்.

ராக்கப்பன் சாவியைத் திருகினார். திருகிவிட்டுத் திரும்பினார். "மாட்டுவண்டி வேகம்னாரே, காலி வண்டியா, பாரம் ஏத்தின வண்டியா?"

"சீர் இருக்கு, பலகாரம் இருக்கு. பாரம்தான்."

"நெல்லுப் பாரமா, வைக்கோல் பாரமா?"

வைக்கோல் என்று ஏகமனதாக முடிவானது. வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரத்தில் இறங்கி இறுக்கினார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது. இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று மலை. சங்கிலி பனியைக் கடித்துக்கொண்டு கரகரவென்று ஏறியது. அகிலாண்டத்துக்கு லேசாக மூச்சு வந்தது.

"நிறுத்து!" என்று கத்தினான் பூவலிங்கம். "தார்!"

முன்னால் வெயில் விழுகிற வளைவில் பனி உருகி ஒரு பாய் அகலத்துக்குத் தார் கறுப்பாகத் தெரிந்தது.

இறங்கினார்கள். செருப்பைக் கழற்றினார்கள். சங்கிலியைக் கழற்றினார்கள். வண்டி அந்தப் பாயைத் தாண்டியது. அப்புறம் பனி. மறுபடி சங்கிலி, மறுபடி எலுமிச்சம்பழம், மறுபடி கும்பிடு. கொஞ்சம் உருட்டி, நிறுத்தி, இறுக்கி, ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்துவதற்குள், "தார்!" என்றான் பூவலிங்கம்.

பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஒலி எழுப்பிக்கொண்டு கடந்து போயின. ஒரு ஜீப்பில் போன கிழவர் சன்னல் வழியாக இவர்கள் கால்களைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அவங்க ஊர்க் கும்பிடு போல," என்று திருமேனி தானும் தலையில் அடித்துப் பதில் மரியாதை செய்தார்.

"டேய் பூவலிங்கம்," என்றாள் அகிலாண்டம், "இந்தச் சின்னச் சின்னத் தாருக்கெல்லாம் கழட்டணுமாடா? மணி ஓடுதுடா. எம்பொண்ணு வாசலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாடா."

"அக்கா, தார் தெரிஞ்சாக் கழட்டணும்னு மாப்பிள்ளை சொல்லியிருக்கார். நான் மீற முடியுமா?" பூவலிங்கம் நெற்றியைச் சுருக்கினான். முகத்தில் யோசனை வருவதைப் பார்த்து அகிலாண்டம் வளையல் பெட்டியை இறுக்கிக்கொண்டாள். "தெரிஞ்சாத்தானே கழட்டணும்? தெரியாமப் பண்ணிட்டா?"

அண்ணன்மார் இருவரும் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

சீர் தட்டுகளைக் காலி செய்தார்கள். பித்தளைத் தாம்பாளங்களில் ஓரத்துப் பனியை அள்ளி வந்து தார்மேல் கொட்டினார்கள். கொட்டிக் கையால் தட்டிச் சமன் செய்தார்கள். நடவு நட்ட ஊர்க்காரர்கள் அல்லவா, வேலை சுத்தமாக இருந்தது. ஒரு வளைவு முடிந்தது. அடுத்த வளைவுக்குத் தாம்பாளத்தோடு நடந்தார்கள். அகிலாண்டமும் சும்மா இருக்க மாட்டாமல் சொம்பால் கொஞ்சம் கொட்டினாள். கொட்டும்போதே, 'நாம செய்யறது சரிதானா' என்று கவலைப்பட்டாள். பனி கட்டி கட்டியாக விழுகிறதே, மகள் வீட்டுக்குப் போகிற பாதை, கொஞ்சம் பொடியாகப் போடலாமே என்பதுதான் கவலை.

அப்போது மேலேயிருந்து மஞ்சளாக ஒரு பெரிய இயந்திரம் வந்தது. முன்னால் அகலமான தகடு. சாலைப் பனியை வழித்து ஓரத்தில் தள்ளுகிற வண்டி. இவர்கள் அரும்பாடுபட்டுப் போட்ட பனியை ஒரே வழிப்பில் வழித்துவிட்டுப் போனது. தார் பளபளவென்று தெரிந்தது.

"படுபாவி," என்றார் திருமேனி. மறுபடி கொட்டினார்கள்.

கீழே போய்த் திரும்பி வந்த இயந்திரக்காரர் பார்த்தார். சற்று முன் வழித்த இடம்தானே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி வழித்தார். இவர்கள் மறுபடி கொட்டினார்கள். அவர் மறுபடி வழித்தார். அப்புறம் இயந்திரத்தை நிறுத்தி, இறங்கி, தாம்பாளமும் கையுமாக வெறுங்காலில் நிற்கிற மூன்று பேரையும், சொம்போடு நிற்கிற அம்மாவையும் வெகுநேரம் பார்த்தார். தன்னுடைய பனி அள்ளும் மண்வெட்டியை எடுத்துத் திருமேனி கையில் கொடுத்துவிட்டு, ஓரமாகப் போய் உட்கார்ந்து தேநீர்க் குடுவையைத் திறந்தார்.

"நல்ல மனுஷன். நாம கஷ்டப்படுறதைப் பார்த்து மனசு இரங்கிட்டார்," என்றான் பூவலிங்கம்.

மண்வெட்டி கிடைத்த பிறகு வேலை மடமடவென்று நடந்தது. வண்டி சங்கிலியோடு ஏறியது. ஆனால் புதுத் தொல்லை ஒன்று முளைத்தது. கட்டி கட்டியாகக் கொட்டிய பனிமேல் சங்கிலிச் சக்கரம் ஏறி இறங்க, வண்டி குலுங்கியது. அகிலாண்டத்தின் மடியில் பெட்டிக்குள் வளையல்கள் கலகலவென்று மோதிக்கொண்டன.

"ஐயோ, உடைஞ்சிரப் போகுதண்ணே! ஒண்ணு உடைஞ்சாலும் நான் எம்பொண்ணு முகத்துல எப்படி முழிப்பேன்?"

திருமேனி யோசித்தார். "சக்கரம் ஏன் வழுக்குச்சு? வெறுமனே இருந்துச்சு, அதான் வழுக்குச்சு. சங்கிலியை இறுக்கிப் போட்டோம், நின்னுச்சு. வளையல் ஏன் மோதுது? பெட்டிக்குள்ள வெறுமனே கிடக்குது. எதும்மேலயாவது இறுக்கிப் போட்டா அசையாது."

"எதும்மேல?"

மூவரும் தங்கள் கைகளைப் பார்த்தார்கள்.

தாய்மாமன் கை மெலிந்த கை. பலகாரத்துக்குக் கொண்டு வந்த நெய்யைத் தடவியதும் பச்சையும் சிவப்பும் அடுக்கடுக்காக ஏறின. வண்டியை ஓட்டிக்கொண்டே ராக்கப்பன் ஒவ்வொரு கையாக நீட்டினார். வண்டி குலுங்கினாலும் வளையல் சத்தம் அடங்கியது. அகிலாண்டத்துக்குப் பாதிக் கவலை போனது. மீதிக் கவலைக்கு ஒரே ஒரு பச்சை வளையலைத் தன் முந்தானையில் சுற்றி முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். முதல் வளையல். அதை யார் கையிலும் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

இன்னொரு வளைவில் நீளமாகத் தார். அள்ளிக் கொட்டப் பக்கத்தில் பனியும் இல்லை. வேறு வழியில்லாமல் கழற்றினார்கள். தாண்டி, மறுபடி மாட்டக் குனிந்து சங்கிலியைத் தூக்கியபோது ராக்கப்பனுக்குக் கை நடுங்கியது. தோள் நடுங்கியது. பற்கள் கிடுகிடுத்தன. வளையல்கள் சலங்கை போலக் குலுங்கின.

"சாமி வந்திருச்சு!" என்று திருமேனி அப்படியே பனியில் மண்டியிட்டார். "கருப்பா! வெள்ளை மலையிலயும் எங்களைத் தேடி வந்தியா! என்ன குறை வெச்சோம், சொல்லு சாமி!"

ராக்கப்பன் நீலம் பூத்த உதட்டைத் திறந்தார். "கு... கு... குளிருது."

மற்றவர்கள் குனிந்து சங்கிலியைப் பார்த்தார்கள்.

"சாமிக்குக் குளிருதாம்," என்று பூவலிங்கம் மெல்லிய குரலில் சொன்னான். "பின்னே? நாம சட்டை போட்டிருக்கோம், கம்பளி போட்டிருக்கோம். சங்கிலி காலையிலேர்ந்து வெறும் உடம்போட பனியில உருளுதே. ஒருத்தருக்காவது தோணுச்சா?"

அகிலாண்டத்துக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் கவலைப்பட்டவள், இதற்குக் கவலைப்படாமல் இருந்துவிட்டாளே! தன் சால்வையை உருவிக் கொடுத்தாள். திருமேனியின் குரங்குத் தொப்பி, பூவலிங்கத்தின் கம்பளி, அஞ்சாவது சக்கரத்தின் துண்டு, சீருக்கு வாங்கிய பட்டு வேட்டி எல்லாம் வந்தன. நாலு சங்கிலியையும் இரும்பு ஒரு துளி வெளியே தெரியாதபடி போர்த்திச் சுற்றிக் கட்டினார்கள். பச்சைப்பிள்ளைக்குத் தொட்டில் கட்டுகிற முடிச்சுப் போட்டாள் அகிலாண்டம். கடைசி எலுமிச்சம்பழங்களும் நசுங்கின.

ராக்கப்பன் ஹீட்டர் பக்கம் போய் உட்கார்ந்ததும் நடுக்கம் நின்றது. "சாமி குளிர்ந்திருச்சு," என்று வழக்கப்படி சொல்ல வந்த திருமேனி, நாக்கைக் கடித்துக்கொண்டு, "சாமிக்கு வெதுவெதுப்பாயிருச்சு," என்று மாற்றிச் சொன்னார்.

மணி பதினொன்றரை. வண்டி ஒரு மாதிரி குழைந்து குழைந்துதான் போனது. ஏற்றம் லேசாக இருந்ததால் எப்படியோ நகர்ந்தது. ஒரு திருப்பம் திரும்பியதும் சாலையோரம் தகரக் கூரை போட்ட வீடு. வாசலில் மாவிலைத் தோரணம். வாசலில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டுகிற ஆள் குணாளன். பக்கத்தில் பட்டுப்புடவைமேல் கம்பளி போட்டுக்கொண்டு தேன்மொழி.

"எம்பொண்ணு!" என்று அலறினாள் அகிலாண்டம். "அண்ணே, நிறுத்து! வந்திருச்சு!"

ராக்கப்பன் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏத்தம் ஆத்தா. ஏத்தத்துல எதுக்காகவும் நிறுத்தக் கூடாது."

"வீடு அண்ணே! வீடே வந்திருச்சு!"

"வீட்டுக்காக நிறுத்தலாம்னு மாப்பிள்ளை சொல்லலையே. எதுக்காகவும்னுதானே சொன்னார்?"

வண்டி வைக்கோல் வண்டி வேகத்தில் வாசலைக் கடந்தது. குணாளன் கையை இன்னும் பலமாக ஆட்டினான். மாமன்மார் மூவரும் வளையல் குலுங்கக் கையாட்டினார்கள். தேன்மொழியின் முகம் சன்னலோரமாக வந்தது, அம்மாவைப் பார்த்தது, அப்படியே பின்னால் போய்விட்டது.

அகிலாண்டம் முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். உடன்பிறந்தவர்களின் அறிவைப் பற்றி நாற்பது வருஷமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. மூவரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்கள். வண்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்கு மேலே ஏற்றம் செங்குத்து. பட்டு வேட்டியும் சால்வையும் சுற்றிய சக்கரம் அதில் எதைப் பிடிக்கும்? நாலும் சேர்ந்து இழுத்தன. நாலும் சேர்ந்து வழுக்கின. வண்டி ஒரு நொடி நின்றது. பிறகு, வந்த வழியே, பின்பக்கமாக, சாவகாசமாக இறங்கத் தொடங்கியது.

"அண்ணே," என்றார் ராக்கப்பன், "இப்போ நாம ஏறல, இறங்குறோம். நிறுத்தலாமா?"

"ஏறும்போது நிறுத்தக் கூடாதுன்னார்," என்று திருமேனி யோசித்தார். "இறங்கும்போது நிறுத்துன்னு யாரும் சொல்லலையே."

"பின்னாடி போறதால இப்போ பின்சக்கரம்தானே இழுக்குது?" என்றான் பூவலிங்கம், காலையிலிருந்து மனசை அரித்ததைக் கேட்டுவிடலாமென்று.

அதற்கு விடை கிடைப்பதற்குள் வண்டி குணாளன் வீட்டு வாசலில் குவித்திருந்த பனிமேட்டில் தலையணையில் சாய்வது போலச் சாய்ந்து நின்றது. கதவைத் திறந்தால் நேரே தோரணம்.

"பார்த்தியா அகிலா," என்றார் ராக்கப்பன். "நிறுத்தவும் இல்ல, வீட்டையும் விடல."

மணி பன்னிரண்டாக ஐந்து நிமிடமோ என்னமோ. அகிலாண்டம் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். வெறுங்காலோடு ஓடினாள். மகளை வாசலிலேயே முக்காலியில் உட்கார வைத்தாள். குணாளன் சந்தனக் கிண்ணத்தை நீட்டினான். கன்னத்தில் சந்தனம், நெற்றியில் குங்குமம். முந்தானை முடிச்சு விறைத்த விரலுக்கு அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். ஒற்றைப் பச்சை வளையல் மகள் கையில் ஏறியது. அது ஏறி முடிந்ததும் உள்ளே சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது.

தேன்மொழி அம்மாவின் சில்லிட்ட பாதங்களைப் பார்த்தாள். "என்னம்மா இது கோலம்?" என்று அழுதாள், சிரித்தாள். "காலையிலேர்ந்து ஜன்னல்ல பார்த்துக்கிட்டேதான் இருக்கோம். கீழ் வளைவுல தாம்பாளத்தை வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணினீங்க? இவரு, வழியில ஏதோ கோயில் திருவிழா போலன்னாரு."

"முதல் வளையல் போட்டாச்சு. அது போதும் எனக்கு," என்று அகிலாண்டம் மூக்கை உறிஞ்சினாள்.

மற்ற வளையல்கள் என்று அப்போதுதான் நினைவு வந்தது. மாமன்மார் கைகளை நீட்டினார்கள். குளிரில் கை ஆறும் இட்லி மாதிரி வீங்கியிருந்தன. நெய் தடவினார்கள், நெய் உறைந்து வளையலை ஒட்ட வைத்தது. இழுத்தார்கள், வரவில்லை. உடைக்கலாமா என்று குணாளன் வாயெடுத்தான். அகிலாண்டம் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டான்.

இதற்குள் பக்கத்து வீட்டு மலைப்பெண்கள் ஐந்தாறு பேர் வந்துவிட்டார்கள். தமிழர் வளைகாப்பை அவர்கள் பார்த்ததில்லை. தப்பில்லாமல் செய்ய வேண்டும் என்று ஆசை. முக்காலியில் ஒற்றை வளையலோடு ஒரு பெண். சுவரோரம் முழங்கை வரை வளையலோடு மூன்று மீசைக்காரர்கள். முக்கியமானவர்கள் யார் என்று கேட்கவா வேண்டும்? மூவரையும் வரிசையாக உட்கார வைத்துக் கன்னத்தில் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்து, தலையில் பூவைத் தூவி, சுற்றி நின்று பாட்டும் பாடிவிட்டார்கள். எலுமிச்சம்பழமே இல்லாத எலுமிச்சை சாதத்தை ஒருத்தி ஊட்டியும் விட்டாள்.

மாமன்மார் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு முடிந்ததும் திருமேனியின் முகம் மாறியது.

"டேய், நமக்கு வளைகாப்பு ஆயிருச்சுடா."

"ஆமாண்ணே," என்றார் ராக்கப்பன், வளையல்களைத் தடவிக்கொண்டே.

"வளைகாப்பு ஆனவங்க பிரசவம் வரைக்கும் வளையலைக் கழட்டக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. சும்மா வண்டி ஏறி அலையவும் கூடாது. பொறந்த வீட்டுலேர்ந்து ஆள் வந்து முறையா அழைச்சிட்டுப் போகணும்."

அகிலாண்டம் இடுப்பில் கையை வைத்தாள். அண்ணன் சொல்வதில் ஏதோ இடிக்கிறது என்று அவளுக்குப் பட்டது. யோசித்துப் பார்த்தாள். எவ்வளவு யோசித்தாலும் முறைப்படி அவர் சொன்னதில் பிழை ஒன்றும் தெரியவில்லை. "அப்போ அந்தக் கனமான சங்கிலியை எல்லாம் யாரு கழட்டுறது?" என்று மட்டும் கவலைப்பட்டாள்.

குணாளன் வீட்டுப் போனில் ஊருக்கு அழைத்தார்கள். திருமேனியின் மனைவி குருவம்மாள் எடுத்தாள். அவளும் ஒண்டிக்குடியில் பிறந்து ஒண்டிக்குடியில் வாழ்க்கைப்பட்டவள்.

"வளைகாப்பு நல்லபடியா முடிஞ்சுதா?" என்றாள்.

"அமோகமா முடிஞ்சுது. எங்க மூணு பேருக்கும் ஆயிருச்சு. அழைச்சிட்டுப் போக ஆள் அனுப்பு. வர்றவங்க கம்பளி எடுத்துட்டு வரட்டும்."

"உங்களுக்கா?"

"இல்ல, சங்கிலிக்கு."

குருவம்மாள் பொறுப்பான குரலில், "ஆள் அனுப்புறது இருக்கட்டும். இது எத்தனாவது மாசம்?" என்று கேட்டாள்.

திருமேனி போனைக் கையால் பொத்திக்கொண்டு தம்பிகள் பக்கம் திரும்பினார்.

"கேக்குறாளே, என்னடா சொல்றது?"

மூவரும் குனிந்து அவரவர் வயிற்றைப் பார்த்தார்கள். பூவலிங்கம் நெற்றியைச் சுருக்கினான்.

"எட்டுன்னு மட்டும் சொல்லிறாதண்ணே," என்றான். "எட்டுல வளையல் போட்டதாத் தெரிஞ்சா ஊர்ல நம்மளை முட்டாள்னு சொல்லுவாங்க."